பனியோடு எல்லைச் சண்டை

கிட்ட வந்து இருங்கோ, இன்னும் கிட்ட, முழங்காலும் முழங்காலும் முட்டுகிற மாதிரி. குளிர் என்பது இரண்டு பேருக்கு நடுவில் ஒரு சாண் இடம் கண்டால் போதும், பாயை விரித்துப் படுத்துவிடுகிற சாமான், அதுக்கு இடம் குடுக்கக் கூடாது. இருந்தாச்சோ? அப்ப கேளுங்கோ.

நோர்வே நாட்டின் வடக்கு நுனியிலே, அதுக்கு அங்காலே கடல், கடலுக்கு அங்காலே ஒன்றுமே இல்லை என்று சொல்லக்கூடிய இடத்திலே, ஒரு மீன்பிடி ஊர் இருந்தது. கார்த்திகை பிறந்து ஒரு கிழமையில் போகிற சூரியன், தை பிறந்து ஒரு கிழமை போகும்வரைக்கும் அந்தப் பக்கம் எட்டியும் பாராது. ஊரிலே மீனை வெட்டிப் பெட்டியில் அடைக்கிற ஆலை ஒன்று, தேவாலயம் ஒன்று, கடை ஒன்று, நூறு மரவீடு, அந்த வீடுகளுக்குள்ளே சண்டைக்குப் பயந்து ஓடிவந்து ஆலையில் வேலைக்குச் சேர்ந்த எங்கடை ஆட்கள் ஒன்பது குடும்பம். அந்த ஒன்பதில் ஒன்றுதான் மங்கையற்கரசியும் அவளுடைய புருசன் பரமலிங்கமும்.

மங்கையற்கரசி பதின்மூன்று வருசமாக ஆலையிலே நின்றபடி மீனுக்கு முள் எடுத்தவள். ஐஸ் தண்ணீரில் ஊறி ஊறி அவளுடைய பத்து விரலும் வெளுத்து மரத்துப்போய், சுடுசட்டியைத் தொட்டால்கூடத் தோல் பொரிகிற மணம் மூக்குக்கு வந்த பிறகுதான் கை சுட்டது தெரியும். அவளுக்கு உலகத்தில் இருந்தது ஒரேயொரு ஆசை: வெறுங்காலை மண்ணில் வைத்துக்கொண்டு, பச்சை இலைக்குக் கீழே, ஒரு சாய்வுக்கதிரையில் ஒரு வேலையும் செய்யாமல் இருக்கவேணும். நகை கேட்கவில்லை, சீலை கேட்கவில்லை. இருக்க ஒரு இடம், அவ்வளவுதான்.

பரமலிங்கத்தின் வருத்தம் வேறு. அவர் சொந்த ஊரிலே தாய்மாமனோடு நாலு விரல் அகல நிலத்துக்காகப் பதினாலு வருசம் வழக்காடியவர். ஷெல் விழுந்து, வழக்குக் கேட்கிற கோடு நடந்த கட்டடமே இல்லாமல் போன பிறகும் தவணை நாளில் வேட்டி மாற்றிக்கொண்டு போய், அந்த வெட்டவெளியில் மாமனும் அவருமாகப் பத்தரை மணிவரைக்கும் நின்றுவிட்டு வந்தவர். அப்பேர்ப்பட்ட மனுசன் வந்து சேர்ந்த ஊரில் ஒரு வீட்டுக்கும் வேலி இல்லை.

"வேலியில்லாத வீட்டிலை என்னெண்டப்பா நித்திரை வரும்?" என்பார்.

"உங்களுக்கு விசர். இஞ்சை ஆர் உங்கடை நிலத்தைக் களவெடுக்கப் போகினம்?"

"அதுதான் மங்கை, ஒருத்தரும் களவெடுக்காட்டி உது நிலமே இல்லை."

ஒரு ஐப்பசியில், சொந்த ஊருக்குப் போய்வந்த ஒருவர் ஈரத் துவாயில் சுற்றிச் சூட்கேசுக்குள் வைத்து வேலிக்கு நடுகிற நாலு கிளுவைத் தடி கொண்டுவந்து கொடுத்தார். பரமலிங்கம் நாலு மூலைக்கும் அந்த நாலையும் நட்டு, இடையிலே மரக்கம்பு ஊன்றி, கிடுகுக்குப் பதிலாக ஆலை எறிந்த பழைய வலையை அங்காலே நிற்கிறது ஆர் என்று தெரியாத அளவுக்கு மடித்து மடித்துக் கட்டி, குறுக்கே வரிச்சுத்தடி வைத்து இறுக்கி, கடைசி முடிச்சைப் போட்ட அன்று பின்னேரம் பனி கொட்டத் தொடங்கியது. ஆலைக் கூரையில் கொட்டியது, தேவாலயத்தில் கொட்டியது, கடலில் நின்ற வள்ளங்களில் கொட்டியது. வேலிக்குள்ளே கொட்டவில்லை. வேலியடி வரைக்கும் வந்த பனி, உள்ளே வா என்று ஒருத்தரும் சொல்லாத விருந்தாளி மாதிரி இடுப்பளவு உயரத்தில் நின்றது. வேலிக்கு இந்தப் பக்கம் மண் சிவந்து, ஆவி பறந்து, நாலு கிளுவையும் துளிர்த்தன.

மங்கை பனியைப் பார்த்தாள், மண்ணைப் பார்த்தாள், குசினிக்குள் போய்க் கடையில் வாங்கின இஞ்சியையும் மஞ்சளையும் கொண்டுவந்து ஊன்றினாள். தின்ற பப்பாசியின் விதையைப் போட்டாள், மாங்கொட்டையைப் புதைத்தாள், ஒரு மருந்துக் குளிசைப் போத்தலுக்குள் பதினோரு வருசமாக வைத்திருந்த பாகல் விதையையும் தூவினாள். வாழையை அவள் வைக்கவில்லை. அது தானாக வந்தது. கார்த்திகை முடிய வாழை வேலிக்கு மேலாகத் தலை நீட்டியது, மார்கழி முடியப் பப்பாசி காய்த்தது, சூரியன் இல்லாத அந்த இரண்டு மாதமும் வேலிக்குள்ளே எங்கிருந்தோ ஒரு நாலு மணி வெயில் சாய்வாக விழுந்துகொண்டே இருந்தது.

ஊர் இதைப்பற்றிப் பெரிதாகக் கதைக்கவில்லை, வந்து இருக்கத் தொடங்கியது. முதலில் வந்தவள் பக்கத்துவீட்டுத் தூர்டிஸ், எழுபது வயது, தனிமனுசி. பதினொரு மணிக்குக் கோப்பிப் போத்தலும் பின்னுகிற கம்பளிநூலுமாக வந்து, சப்பாத்தை வேலிவாசல் படலையடியில் கழற்றி, மேலங்கியைக் கழற்றி, அதுக்குக் கீழே இருந்ததைக் கழற்றி, அதுக்கும் கீழே இருந்ததைக் கழற்றி, ஐந்தாவது உடுப்பில் கைவைக்க, மங்கை, "காணும் அக்கா, காணும்" என்று கையைப் பிடித்தாள். பிறகு ஆலைக்காரர் வந்தார்கள், மத்தியானச் சாப்பாட்டுப் பெட்டியோடு. பிறகு பாதிரியார் வந்தார். அவருடைய பிரசங்கம் அதுக்குப் பிறகு பாதியாகக் குறைந்ததென்று ஊரில் சந்தோசப்பட்டார்கள். நகரசபையிலிருந்து ஒரு பெண் அளவுநாடாவோடு வந்து, கூரை இருக்கிறதா என்று கேட்டாள், இல்லை என்றார்கள், சுவர் இருக்கிறதா என்று கேட்டாள், இல்லை என்றார்கள், அப்படியென்றால் இது கட்டடம் இல்லை, காலநிலை, காலநிலைக்கு நகரசபை பொறுப்பில்லை என்று எழுதி ஒப்பம் வைத்து, அவளும் சப்பாத்தைக் கழற்றிவிட்டு ஒரு மணித்தியாலம் வாழைக்குக் கீழே இருந்துவிட்டுப் போனாள்.

எங்கடை ஆட்களுக்குத்தான் பிரச்சினை. வாழைக்குக் கீழே ஆர் இருக்கிறது, பப்பாசிக்குக் கீழே ஆர் இருக்கிறது, போன கிழமை ஆர் எழும்பவே இல்லை என்று வாய்த்தர்க்கம் வந்தது. வெள்ளைக்காரர் வாயே திறவாமல் இருந்தார்கள். ஆனால் சூடு பட்டுப் பட்டு ஒரு மாதத்தில் எல்லாம் தலைகீழாக மாறி, அவர்கள் ஓயாமல் கதைக்கத் தொடங்க, எங்கடை ஆட்கள் கண்ணை மூடிக்கொண்டு "ம்" மட்டும் கொட்டினார்கள்.

மங்கை வேலை முடிந்து வந்து தன் கதிரையில் இருப்பாள். காலை மண்ணுக்குள் புதைப்பாள். நாற்பதாவது நாளோ நாற்பத்தோராவது நாளோ, "ஐயோ!" என்று துள்ளி எழும்பினாள். எல்லாரும் பதறி ஓடிவந்தார்கள்.

"எறும்பு!" என்றாள். "சுட்டுவிரலிலை கடிச்சுப்போட்டுது. எனக்கு நொந்தது!" என்று அந்த விரலைத் தூக்கிப் பிடித்துக்கொண்டு, கலியாணப்பெண் மோதிரம் காட்டுகிற மாதிரி ஒவ்வொருத்தருக்கும் காட்டிக்கொண்டு போனாள். அதுக்குப் பிறகு ஒவ்வொரு விரலாக உயிர் வந்தது. மாவைப் பிசைய மாவு மாவாகத் தெரிந்தது. அந்த இருப்பு மட்டும் இல்லாமல் போனால் விரல் பத்தும் திரும்ப மரக்கட்டைதான் என்று அவளுக்குத் தெரியும். அதனாலே அவள் ஒரு நாளும் தவறாமல் வந்து கதிரையில் இருந்தாள்.

இப்படியே விட்டிருக்கலாம். ஆனால் தை பிறந்தது, தை பிறந்தால் வேலி பிரித்து அடைக்கிறது வழக்கம், வேலி பிரித்து அடைத்தால் இரண்டு விரல் தள்ளி அடைக்கிறதும் வழக்கம். பரமலிங்கம் கம்பு நடக் கிடங்கு குத்துகிற இரும்பு அலவாங்கை எடுத்து வடக்கு வேலியை இரண்டு விரல் தள்ளிக் கட்டினார். பனி ஒன்றும் சொல்லவில்லை. அடுத்த கிழமை ஒரு சாண். அடுத்த கிழமை ஒரு முழம்.

"என்னப்பா செய்யிறியள்?"

"அங்காலை ஆர் இருக்கினம்? ஒருத்தருமில்லை."

ஒருத்தருமில்லை என்று அவர் சொன்ன மூன்றாம் நாள், இரண்டு பேரும் வேலையால் வந்து பார்க்க, வடக்கு வேலி ஒன்றரை முழம் உள்ளே வந்து நின்றது. கம்புகள் பிடுங்கப்பட்டு, ஒழுங்காக, நூல் பிடித்த மாதிரி, உறைந்த மண்ணில் ஊன்றியிருந்தன. இஞ்சிப் பாத்தி முழுக்க அங்காலே போய்விட்டது.

பரமலிங்கத்துக்குக் கண் கலங்கிவிட்டது, சந்தோசத்தில். "பாத்தீரே மங்கை? இப்பதான் எங்களுக்கு அயல் எண்டு ஒண்டு வந்திருக்கு" என்றார். அன்றைக்கே வேலியைப் பிடுங்கி இரண்டு முழம் முன்னாலே கொண்டுபோனார். மற்ற நாள் பனி மூன்று முழம் உள்ளே கொண்டுவந்தது. அவர் நாலு. அது ஐந்து. அவர் இழுக்க இழுக்க வேலிக்குள் இருந்த சூடு குடம் கவிழ்ந்தது போல வடக்கே கொட்டியது. அது இழுக்க இழுக்க வாழையிலை ஓரம் கருகியது, பாகற்கொடி சுருண்டது, மங்கையின் கதிரைக்குக் கீழே மண் இறுகியது.

வடக்கே இருந்தது ஹல்வாரின் மீன்பரண். பெரிய பெரிய மீனை வாலில் சோடி சோடியாகக் கட்டிப் பரணில் தொங்கவிடுவார்கள். உப்பும் இல்லை, நெருப்பும் இல்லை, குளிர்காற்றுத்தான் அதைக் காயவைக்கும். அரை ஊரின் சாப்பாடு அந்தப் பரணில்தான் தொங்கியது. மாசி மாதம் ஒரு புதன்கிழமை ஹல்வார் ஒரு மீனோடு வந்தான், வாழைக்குக் கீழே மேசையில் அதை வைத்தான், விரலால் அமத்தினான். விரல் உள்ளே போனது. மீனில் ஒரு ஈ வந்து இருந்தது. அந்த ஊரில் மாசியில் ஈயை ஒருத்தரும் கண்டதில்லை.

அந்த ஊர் ஆட்கள் கோபம் வந்தால் சத்தம் போடமாட்டார்கள், கோப்பி குடிப்பார்கள். ஹல்வாரும் குடித்தான். குடித்து முடித்து, "பரமலிங்கம், என்னுடைய முதுகுவலி இந்தத் தோட்டத்தில்தான் போனது. அதை நான் மறக்கமாட்டேன். ஆனால் ஞாயிற்றுக்கிழமை பூசை முடிந்ததும் உழவுமெசின் கொண்டுவந்து உன்னுடைய வேலியைப் பிடுங்குவேன். ஊரே கூடி எடுத்த முடிவு. மன்னிக்கவேண்டும்" என்றான். கோப்பையைத் தானே கழுவிக் கவிழ்த்துவைத்துவிட்டுப் போனான்.

"வரட்டும், நான் வழக்குப் போடுறன்" என்றார் பரமலிங்கம்.

"ஆருக்கு எதிரா?"

"பனிக்கு."

"பனி கோட்டுக்கு வருமே?"

"வராட்டி எனக்குத்தான் தீர்ப்பு."

மங்கை எழும்பினாள். வடக்கு வேலியடிக்குப் போய் வலையில் உள்ளங்கையை வைத்தாள். அங்காலே குளிர் மூச்சு விட்டுக்கொண்டு நின்றது, இவளைப் போலவே, களைத்துப்போய். அப்பதான் அவளுக்கு உறைத்தது: இந்த வேலிக்குப் பொட்டு இல்லை.

பொட்டு என்றால், வேலியில் ஒரு பெண் குனிந்து போய்வரக்கூடிய ஓட்டை. ஆம்பிளை வேலி கட்டுவான். பொட்டை அவன் வைக்கமாட்டான், பொம்பிளையள் பிறகு வெட்டிக்கொள்வார்கள். பரமலிங்கமும் மாமனும் ஒரே பஸ்சில் முன்சீற்றும் பின்சீற்றுமாகக் கோட்டுக்குப் போன அந்தப் பதினாலு வருசமும், பஸ் சந்தி திரும்ப முதல் மங்கைக்கும் மாமன் பெண்சாதிக்கும் நடுவில் பொட்டுக்குள்ளால் தேங்காய்ப்பாதி போகும், பழப்புளி வரும், அடுப்புக்கு நெருப்பு வரும், ஆரார் கோட்டில் என்ன பொய் சொல்லப்போகினம் என்ற செய்தியும் வரும். வழக்குத் தோற்காமலும் வெல்லாமலும் அவ்வளவு காலம் வெட்டுக்குத்து இல்லாமல் ஓடினது அந்த ஓட்டையாலே. பொட்டில்லாத வேலி சண்டைக்காரன் வேலி. பதின்மூன்று வருசம் வேலியில்லாத ஊரில் இருந்து, வெட்டவேணும் என்பதையே மறந்துபோய்விட்டாள்.

வியாழக்கிழமை, மீன்வெட்டுகிற கத்தியால் வலையை முழங்கால் உயரத்துக்கு வெட்டினாள். ஒரு கிண்ணத்தில் பச்சையரிசிப் பொங்கல் ஆவி பறக்க வைத்து, "கொஞ்சம் சாப்பிட்டுப் பாருங்கோ" என்று அங்காலே நீட்டினாள். கிண்ணம் இரண்டாகப் பிளந்து திரும்பிவந்து காலடியில் விழுந்தது.

இது என் பிழை, என்று நினைத்தாள். குளிருக்குப் போய்ச் சுடச்சுடக் குடுத்தால் நக்கலடிக்கிற மாதிரித்தானே இருக்கும்?

வெள்ளிக்கிழமை, முதல்நாள் சோற்றில் தண்ணீர் விட்டு, தயிரும் சின்னவெங்காயமும் பச்சைமிளகாயும் பிசைந்து, வேறொரு கிண்ணத்தில் நீட்டினாள். அங்காலிருந்து ஒரு கை வந்து வாங்கியது. முழங்கை வரைக்கும் தெரிந்தது, வெள்ளைவெளேர் என்ற பொம்பிளைக் கை, உறைபனியில் செய்த காப்பு ஆறு. பிறகு கிண்ணம் திரும்பி வந்தது, கழுவி, வெறுமையாக இல்லாமல், கண்ணாடி மாதிரித் தெளிந்த ஐஸ்கட்டி நிறைத்து.

வெறுங்கிண்ணம் திருப்பி அனுப்பாத இடத்து ஆள், கதைக்கலாம், என்று மங்கை குந்தி இருந்தாள்.

"குறை நினையாதேங்கோ அக்கா. என்ரை மனுசன் உப்பிடித்தான், வேலியைக் கண்டால் விடமாட்டார்."

அங்காலே கதவிடுக்கில் காற்றுக் கதைக்கிற மாதிரி ஒரு குரல் வந்தது. என்ன பாசையில் வந்தது என்று மங்கைக்குப் பிறகு சொல்லத் தெரியவில்லை, விளங்கினது, அவ்வளவுதான்.

"என்ரை ஆள் மட்டும் என்னவாம்? ஒரு விரல் போனால் ஒரு முழம் எடுத்தாத்தான் அவருக்குச் சாப்பாடு இறங்கும்."

"மெய்யே?"

"பின்னை? முந்திக் கடலைக் கரைவரைக்கும் பிடிச்சு வைச்சிருந்தவர். இப்ப கடல் பிடிகுடுக்குதில்லை. அந்தக் கோவமெல்லாம் உங்கடை வேலியிலை."

"ஆம்பிளையள்" என்றாள் மங்கை.

"ஆம்பிளையள்" என்றது அங்காலே. "அந்த வெங்காயம் நல்லா இருந்தது."

மங்கை குரலைத் தாழ்த்தினாள். "நாளைக்கு உங்கடை ஆள் வீட்டிலையோ?"

"இல்லை, கடலுக்குப் போறார். ஒரு புயல் வேலை கிடக்கு. உங்கடை?"

"ஓவர்டைம்."

சனிக்கிழமை பரமலிங்கம் ஆலைக்குப் போன கையோடு மங்கை தூர்டிசைக் கூப்பிட்டாள். முதல் வேலி எந்த இடத்தில் நின்றதென்று ஊரில் சரியாகத் தெரிந்தவள் அவள் ஒருத்திதான்; அவளுடைய குசினி யன்னலுக்கு நேரே நின்றது. தூர்டிஸ் கம்பளிநூல் உருண்டையோடு வந்து, ஒரு முனையைத் தான் பிடித்துக்கொண்டு, மறுமுனையைப் பொட்டுக்குள்ளால் வந்த வெள்ளைக் கையிடம் கொடுத்து, "இன்னும் கொஞ்சம் இடக்கைப் பக்கம்" என்று, கடைக்காரியிடம் சொல்கிற மாதிரிச் சொன்னாள். நூல் பிடித்த கோட்டில் மூன்று பெண்களுமாக வடக்கு வேலியைப் பிடுங்கி ஊன்றினார்கள், ஐப்பசியில் நின்ற அதே இடத்தில்.

பிறகுதான் பெரிய வேலை. எங்கடை சொந்த ஊர் வழக்கப்படி, முடிச்சு எந்தப் பக்கம் விழுகிறதோ அந்தப் பக்கத்தானுக்குத்தான் வேலி சொந்தம். தன்னுடைய வேலியை ஒருத்தன் மெல்ல மெல்லத் தள்ளினால் ஊர் கண்ணை மூடிக்கொள்ளும். அடுத்தவன் முடிச்சில் கைவைத்தால் அது களவு, அவன் வீட்டில் ஒருத்தரும் கை நனைக்கமாட்டார்கள். மங்கை வடக்கு வேலியில் பரமலிங்கம் போட்ட முடிச்சு இருநூற்று எண்பதையும் ஒவ்வொன்றாக அவிழ்த்தாள், ஒவ்வொரு கயிற்று நுனியையும் வலைக்குள்ளால் அங்காலே தள்ளினாள், அங்காலே அந்தக் கை வாங்கி இறுக்கி முடிச்சுப் போட்டது. ஒவ்வொரு முறையும் விரலோடு விரல் தொட்டது. கடைசி முடிச்சுக்கு வரும்போது மங்கையின் சுண்டுவிரல் இரண்டும் பழையபடி வெளுத்துப்போயின. எட்டு விரல் மிச்சம் கிடக்கு, அது காணும், என்றாள்.

ஞாயிற்றுக்கிழமை பூசை முடிந்தது. ஹல்வார் உழவுமெசினோடு வந்தான், பின்னாலே ஊர் வந்தது, எங்கடை எட்டுக் குடும்பமும் வந்து கடைசி முறையாக ஒருக்கால் இருந்துவிடலாமோ என்று கதிரைகளைப் பார்த்தது. ஓவர்டைம் முடிந்து நடுச்சாமத்தில் வந்து படுத்த பரமலிங்கம் அப்பதான் அலவாங்கோடு வேலியடிக்கு வந்தார்.

"ஆர் இதைப் பின்னாலே கொண்டுவந்தது?" என்று கத்தினார். "பாருங்கோ, ஊராக்களே, பாருங்கோ, எவ்வளவு நிலம் போச்சு!" கயிற்றை அவிழ்க்கக் கைவைத்தார். முடிச்சு இல்லை. அடுத்த கம்பைப் பார்த்தார். இல்லை. வேலி நீளத்துக்கு நடந்தார், ஓடினார், படலையைத் திறந்துகொண்டு வெறுங்காலோடு பனிக்குள் இறங்கி வேலியைச் சுற்றி அங்காலே போனார். ஊரும் பின்னாலே போனது. அங்காலே இருநூற்று எண்பது முடிச்சும், உறைந்து, வெண்முத்து மாதிரி, ஒன்றுக்கொன்று பிசகாமல் வரிசையாக இருந்தன.

பரமலிங்கம் முதல் முடிச்சிலிருந்து ஒவ்வொன்றாக எண்ணிக்கொண்டு போனார்.

"உது அவையின்ரை வேலியெல்லோ" என்றார் கடைசியில். அவருடைய காலடியில் அலவாங்கு விழுந்தது. "அவையின்ரை வேலியிலை நான் கைவைக்கேலாது."

அந்நேரம் வடக்கே ஒரு காற்று எழும்பியது, எலும்பைத் தொடுகிற நல்ல காற்று, பரணில் தொங்கின ஆயிரம் மீனும் ஒன்றோடொன்று முட்டி விறகு போலச் சத்தம் போட்டன. ஹல்வார் முகத்தை அதுக்குக் காட்டிக்கொண்டு நின்றான். போய் ஒரு மீனை அமத்திப் பார்த்தான். திரும்பி வந்து உழவுமெசினை நிற்பாட்டி, சப்பாத்தைக் கழற்றி, படலைக்குள்ளே போய் ஒரு கதிரையில் இருந்தான். ஊரும் ஒவ்வொருத்தராகப் போய் இருந்தது.

"அவையின்ரை வேலி எண்டால்," என்று பரமலிங்கம் மெல்லக் கேட்டார், "அவை இஞ்சாலை தள்ளினால்?"

மங்கை அதையும் யோசித்துத்தான் வைத்திருந்தாள். பனிக்குள் கிடந்த அலவாங்கை எடுத்துக்கொண்டு உள்ளே வந்து, வடக்கு வேலியடியில் குந்தி, "இதை ஒளிச்சு வையுங்கோ அக்கா, உங்கடை ஆளின்ரையை இஞ்சை தாங்கோ" என்று அதைப் பொட்டுக்குள்ளால் அங்காலே நீட்டினாள். அந்தக் கை வாங்கியது. பிறகு அதே நீளத்தில், அதே பருமனில், நுனி சீவின ஐஸ் அலவாங்கு ஒன்று அங்காலிருந்து இஞ்சாலே வந்தது. மங்கை அதை இரண்டு கையாலும் தாங்கிக் கொண்டுபோய் வாழையடியில், வெயில் விழுகிற பக்கமாக, நீட்டி வைத்தாள். அன்றைக்கு வாழைக்குத் தண்ணீர் விடுகிற நாள்.